புள்ளி போடுகிறவர் யார்? கிராண்டும் ஜொன்சனும் இடம் மாறிய கதை

'சிறந்த ஜனாதிபதி யார், மோசமான ஜனாதிபதி யார்' என்ற கேள்வியை அமெரிக்காவில் ஒரு ஆய்வாகவே நடத்திக்கொண்டு வருகிறார்கள். இதைத் தொடக்கிவைத்தவர் ஹாவர்ட் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர். 1948இல் 55 அறிஞர்களிடம் அபிப்பிராயம் கேட்டு, 29 ஜனாதிபதிகளை வரிசைப்படுத்தி லைஃப் சஞ்சிகையில் வெளியிட்டார். 1962இல் மீண்டும் 75 பேரிடம் கேட்டார். 2000ஆம் ஆண்டிலிருந்து சீ-ஸ்பான் தொலைக்காட்சி நான்கு தடவை இதைச் செய்திருக்கிறது.

இந்தப் பட்டியல்களின் தலைப்பக்கத்தில் கதைப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. லிங்கன், வொஷிங்டன், பிராங்ளின் ரூஸ்வெல்ட் ஆகிய மூவரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அசைகிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும். அதிலும் அடுத்தடுத்து ஆட்சி செய்த இரண்டு பேரை: அன்ட்ரூ ஜொன்சன் (1865–1869), யூலிசிஸ் கிராண்ட் (1869–1877).

1948இல் ஜொன்சனுக்கு 19ஆம் இடம், 'சராசரி' என்ற வகுப்பில். கிராண்டுக்கு 28. 'தோல்வி' என்று முத்திரை குத்தப்பட்ட இரண்டே பேரில் அவர் ஒருவர், மற்றவர் ஹார்டிங். உள்நாட்டு யுத்தம் மூளுமட்டும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புக்கானனுக்குக்கூட 26ஆம் இடம் கிடைத்தது. அந்த யுத்தத்தை வென்று நாட்டைச் சேர்த்துவைத்த தளபதி அவருக்கும் கீழே! இப்போது 2021ஆம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். 44 பேரில் ஜொன்சன் 43. கிராண்ட் 20. கிராண்ட் 2000இல் 33ஆம் இடத்தில் இருந்து ஒவ்வொரு தடவையும் ஏறி வந்திருக்கிறார்.

இரண்டு பேரும் மௌத்தாகி நூறு வருடத்துக்கு மேல். அவர்கள் புதிதாக நல்லதோ கெட்டதோ செய்யவில்லை. அப்படியென்றால் மாறியது என்ன?

லிங்கன் கொல்லப்பட்டதும் உப ஜனாதிபதியாக இருந்த ஜொன்சன் ஆட்சிக்கு வந்தார். அடிமைத்தளை அறுந்த கறுப்பின மக்களுக்குக் கரையோரத் தென்பகுதியில் கொடுக்கப்பட்டிருந்த காணிகளைப் பழைய எசமான்களிடமே திருப்பிக் கொடுக்க வைத்தார். அம்மக்களைப் பிரஜைகளாக ஏற்கும் 1866ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்குக் கையொப்பமிட மறுத்தார்; கொங்கிரஸ் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. 1868இல் குற்றப்பிரேரணைக்கு உள்ளாகி, ஒரே ஒரு வாக்கினால் பதவி தப்பினார். இந்த மனிதர் 1948இன் கணக்கில் 'சராசரி'.

கிராண்டின் காலத்தில் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை உறுதிப்படுத்தும் 15ஆவது திருத்தம் 1870இல் நிறைவேறியது. நீதித் திணைக்களம் அதே வருடம் உருவானது. வாக்களிக்கப் போகிறவர்களை இரவில் முகமூடி அணிந்து வந்து அடித்தும் கொன்றும் விரட்டிய கு கிளக்ஸ் கிளான் கும்பலை ஒடுக்க 1871இல் தனிச் சட்டம் வந்தது. தென் கரோலைனாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை இடைநிறுத்தி இராணுவத்தை அனுப்பினார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து பழகிய நமக்கு இந்த வரி கொஞ்சம் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள், அந்தக் கும்பல் அடங்கியது என்பதும் வரலாறு.

இதே செயல்தான் அவரைக் கீழே தள்ளியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டனிங்கும் அவருடைய மாணவர்களும் எழுதிய வரலாற்றில், யுத்தத்துக்குப் பிந்திய மீள்கட்டுமானக் காலம் ஒரு பெரும் தவறு. கறுப்பினத்தவர் வாக்களித்ததும் சட்டசபையில் அமர்ந்ததும் அநியாயம். அவர்களைக் காப்பாற்றப் போன இராணுவம் அடக்குமுறை. பல்கலைக்கழகங்களில் அன்றைக்குப் பாடம் இதுதான். டபிள்யூ.ஈ.பி. டுபோய்ஸ் 1935இல் இதை ஆதாரங்களோடு மறுத்து ஒரு பெரிய நூலே எழுதினார். 13 வருடம் கழித்து வந்த பட்டியலில் அந்த நூலின் சுவடே தெரியவில்லை.

கிராண்டை இறக்கியது ஊழல்தானே என்று கேட்கலாம். ஊழல் இருந்தது, இல்லையென்பதற்கில்லை. மதுவரிப் பணத்தைச் சுருட்டிய கூட்டத்தில் அவருடைய அந்தரங்கச் செயலாளரின் பெயரும் அடிபட்டது. யுத்த அமைச்சர் பெல்நாப் பதவி விலகியும் குற்றப்பிரேரணையை எதிர்கொண்டார். "ஆள் நல்லம், சுத்தியிருந்தவனுகள்தான் கள்ளனுகள்" என்று நமது தேத்தண்ணிக் கடைகளில் சொல்வார்களே, அது கிராண்டுக்கு ஓரளவு பொருந்தும். முழுமையாக அல்ல, ஆட்களைத் தெரிவுசெய்தது அவர்தான். என் கேள்வி வேறு. வரிப்பணக் களவு ஒருவரைக் கடைசி வாங்கில் இருத்தப் போதும் என்றால், ஒரு சமூகத்தின் காணியையும் குடியுரிமையையும் பறிக்க முயன்றவர் எப்படிச் சராசரி ஆனார்? களவுபோன வரிப்பணம் புள்ளி போட்டவர்களின் கண்ணில் பட்டது. காணி இழந்தவர்கள் படவில்லை.

கிராண்டை ஒரு அவுலியாவாக்குவதும் நமது வேலையில்லை. 1862 டிசம்பரில், தளபதியாக இருந்தபோது, தன் படைப்பிரதேசத்திலிருந்து யூதர்கள் எல்லோரும் 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கட்டளை போட்டார். சில வியாபாரிகளின் கள்ளக் கடத்தலுக்கு முழுச் சமூகத்துக்கும் தண்டனை. லிங்கன் அடுத்த மாதமே அதை ரத்துச் செய்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகளும் வாசிக்கும் இந்தச் சஞ்சிகையில் இதைச் சொல்லாமல் போக முடியாது. ஜனாதிபதியான பிறகு யூதர்களை அரச பதவிகளுக்கு நியமித்தார், 1876இல் வொஷிங்டனில் ஒரு யூத ஆலயத் திறப்புக்கும் போனார். அது அவருடைய பரிகாரமாக இருக்கலாம். ஆனால் அதே வருடம் லகோட்டா பூர்வகுடிகளின் கறுப்பு மலைகளுக்காக நடந்த யுத்தமும் அவருடையதுதான். 1875இல் மிஸிசிப்பி ஆளுநர் கேட்டும் படை அனுப்பவில்லை. கிளானை அடக்கிய கை அங்கே தளர்ந்துவிட்டது.

இப்போதைய பட்டியல்காரர்கள் பத்து அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். பேச்சாற்றல், பொருளாதாரம், கொங்கிரஸுடனான உறவு என்று போகும் வரிசையில் 'எல்லோருக்கும் சமநீதி' என்பதும் ஒன்று. இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பத்துக்கும் ஒரே நிறை. நீதியில் தவறவிட்ட புள்ளியைப் பேச்சில் எடுத்துவிடலாம், பரீட்சையில் கணிதத்தை விட்டுச் சித்திரத்தில் தேறுவதுபோல. பூர்வகுடிகளைக் கிழக்கிலிருந்து அகற்றும் சட்டத்துக்கு 1830இல் கையொப்பமிட்டவர் அன்ட்ரூ ஜெக்ஸன். பின்னர் செரோக்கி மக்கள் மேற்கே நடத்திச் செல்லப்பட்ட பாதையில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். 1948இல் ஆறாவதாக இருந்தவர் 2021இல் 22. இறங்கியிருக்கிறார், ஆனாலும் நடுவில் சௌகரியமாக இருக்கிறார்.

நாட்டுக்கு வெளியே உள்ளவர்களை யாரும் கேட்பதேயில்லை. ஐந்தாம் இடத்தில் இருக்கும் ஐசனோவரைப் பற்றி, 1953இல் மொசாதெக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்ட ஈரானில் கேட்டால் ஒரு பதில் வரும். 1956இல் சுயஸிலிருந்து பிரித்தானியாவையும் பிரான்ஸையும் இஸ்ரவேலையும் அவர் பின்வாங்கச் செய்ததை நினைவில் வைத்திருக்கும் எகிப்தில் கேட்டால் வேறொரு பதில் வரும்.

வூட்ரோ வில்சன் மிச்சமிருக்கிறார். அவரும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர். கிளானைப் புகழ்ந்த ஒரு திரைப்படத்தில் அவருடைய வரலாற்று நூலிலிருந்து வரிகள் காட்டப்பட்டன, 1915இல் அந்தப் படம் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. சமஷ்டி அரச அலுவலகங்களில் கறுப்பு ஊழியர்களையும் வெள்ளை ஊழியர்களையும் பிரித்து வைப்பதற்கு இடம்கொடுத்தது அவருடைய ஆட்சி. 1948இல் சக வரலாற்றாசிரியர்கள் அவருக்குக் கொடுத்தது நான்காம் இடம். 2021இல் 13. கிராண்டை விட இன்னும் ஏழு படி மேலே.