ரைசன் 9 7950எக்ஸ்: பெரிய கூலர் வாங்கும் முன் வோல்டேஜைக் குறையுங்கள்

ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸரைப் பொருத்தி, அதன் பதினாறு கோர்களுக்கும் முழு வேலை கொடுத்தால் சில நொடிகளில் வெப்பநிலை 95 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். கூலர் சரியாக உட்காரவில்லையோ, பேஸ்ட் போதவில்லையோ என்று பதறி இன்னும் பெரிய கூலரை வாங்கி மாட்டினாலும் பெரும்பாலும் அதே 95தான் தெரியும். 2022 செப்டம்பரில் இந்த வரிசை வெளிவந்தபோதே ஏஎம்டி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முழு வேலையில் 95 டிகிரியில் ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மின்சாரத்திலும் வெப்பத்திலும் இடம் இருக்கிறவரை ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகும். 95ஐத் தொட்டதும் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி அங்கேயே நின்றுகொள்ளும். ஆகவே "எத்தனை டிகிரி குறைந்தது" என்ற பழைய அளவுகோல் இங்கே உதவாது. அந்த 95 டிகிரியில் எவ்வளவு வேகம் நிலைக்கிறது, அதற்கு எத்தனை வாட் செலவாகிறது, ஃபேன் எவ்வளவு இரைகிறது என்றுதான் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து எடைபோட்டால், ஓவர்க்ளாக் செய்த ப்ராசஸரைக் குளிர்விக்க நாம் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி தவறான இடத்துக்குப் போகிறது என்பது என் முடிவு. முதலில் கவனிக்க வேண்டியது வோல்டேஜ், அடுத்தது கூலரும் ப்ராசஸரும் ஒட்டும் இடம். கூலரின் அளவு கடைசியில்தான் வருகிறது.

சூடு எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் இது விளங்கும். 7950எக்ஸின் உள்ளே கணக்குப் போடும் கோர்கள் எல்லாம் இரண்டு சிறு சில்லுகளில் அடங்கியிருக்கின்றன; ஒவ்வொன்றின் பரப்பும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர். ப்ராசஸருக்கு மதர்போர்டு அனுமதிக்கும் மொத்த மின்சாரம் 230 வாட். அதில் மற்ற பகுதிகளுக்குப் போனது போக 200 வாட்டுக்கு நெருக்கமானது, சுண்டுவிரல் நகம் அளவுள்ள அந்த இரண்டு சில்லுகளில் எரிகிறது. அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 வாட். இருபது சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தின் அடியில் 2000 வாட்டில் எரியும் இண்டக்‌ஷன் அடுப்பைக் கணக்கிட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.06 வாட்தான் வரும். அடுப்பைவிட இருபது மடங்கு அடர்த்தியான இந்தச் சூடு முதலில் சிலிக்கானைத் தாண்ட வேண்டும், பிறகு மேலே உள்ள தடித்த உலோக மூடியை, அதன் பிறகு தெர்மல் பேஸ்டை. இவ்வளவும் கடந்த பிறகுதான் கூலரின் செம்புத் தகட்டுக்கு வேலையே தொடங்குகிறது. பழைய ஏஎம்4 சாக்கெட்டின் கூலர்களும் பொருந்த வேண்டும் என்பதற்காக, 7950எக்ஸ் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் ப்ராசஸர்களின் மூடியைத் தடிமனாகவே வைத்தார்கள்; அந்தத் தடிமனே ஒரு தடையாகிவிட்டது. டெர்பாவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய ஓவர்க்ளாக்கர் ரோமன் ஹார்ட்டுங், இதே குடும்பத்தின் 7900எக்ஸில் மூடியைக் கழற்றிச் சில்லின் மீது நேரடியாகக் கூலரைப் பதித்துப் பார்த்தார். ஏறக்குறைய 20 டிகிரி குறைந்தது. கூலரின் அளவைக் கூட்டி இப்படி ஒரு வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. மூடியைக் கழற்றுவது வாரண்டியைத் தொலைக்கும் வேலை, ஒரு சறுக்கலில் ப்ராசஸரே போய்விடும். அதனால் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இடைஞ்சல் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இந்த வெளிச்சத்தில் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற காற்றுக் கூலரைப் பார்க்கலாம். இரண்டு கோபுரங்கள், 6 மிமீ தடிமனில் ஆறு வெப்பக் குழாய்கள், இரண்டு 120 மிமீ ஃபேன்கள், 155 மிமீ உயரம். சாதாரண மிட் டவர் கேபினெட்டுகள் பெரும்பாலானவற்றில் அடங்கிவிடும். அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஸ்டிக்கரை முதலில் உரிக்க வேண்டும். அதை மறந்துவிட்டு ப்ராசஸர் கொதிக்கிறது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏஎம்5 போர்டின் பின்தகட்டை அப்படியே வைத்துக்கொண்டு, முன்பக்கம் உள்ள பிளாஸ்டிக் தாங்கிகளை மட்டும் கழற்றிவிட்டு உலோகப் பட்டைகளை முடுக்க வேண்டும். கோபுரங்களுக்கு நடுவே உள்ள ஃபேனைக் கழற்றினால்தான் ஸ்க்ரூவுக்குள் ஸ்க்ரூடிரைவர் இறங்கும். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. இரண்டையும் மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்கினால்தான் அழுத்தம் சமமாகப் பரவி, பேஸ்ட் மெல்லிய படலமாக விரியும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்குச் சுமார் 400 வாட், காற்றினுடையது 0.026. பேஸ்ட் செம்புக்குப் பக்கத்தில்கூட வர முடியாது, ஆனால் இடுக்கில் நிற்கும் காற்றை வெளியேற்றிவிடும், அதுதான் அதன் வேலை. எனவே விலையுயர்ந்த பேஸ்டைவிடச் சமமான அழுத்தம் முக்கியம். முன்பக்க ஃபேன் ரேம் குச்சிகளின் மேல் வந்து நிற்கும். உயரமான ரேம் என்றால் ஃபேனைச் சற்று மேலே ஏற்றி மாட்ட வேண்டும், அப்போது கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு மூடுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

காலியம் கலந்த திரவ உலோகம் பேஸ்டைவிடப் பல மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். ஏஎம்5 மூடியின் கால்களுக்கு இடையே சிறு கெப்பாசிட்டர்கள் வெளியே தெரிகின்றன. ஒரு துளி அங்கே வழிந்தால் கதை முடிந்தது. வீட்டில் அன்றாடம் உழைக்கும் கணினிக்கு அது தேவையில்லை. அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. கோர் சில்லுகள் இரண்டும் மூடியின் நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கின்றன. இதைக் கவனித்த நோக்டுவா நிறுவனம், தன் கூலர்களை 7 மிமீ தள்ளிப் பொருத்த உதவும் பட்டைகளைக் கொண்டுவந்தது. 1 முதல் 3 டிகிரி வரை குறையும் என்கிறது. சில டாலர் விலையுள்ள உலோகப் பட்டை தரும் இந்த மூன்று டிகிரிக்காக எத்தனையோ பேர் புதிய கூலரே வாங்குகிறார்கள்.

திரவக் கூலர் எப்படியும் உசத்தி இல்லையா என்ற கேள்வி இங்கே எழும். 360 மிமீ ரேடியேட்டருக்குப் பரப்பு அதிகம், ஃபேன் மூன்று, ஆகவே நீண்ட நேரம் எரியும் அதிக வாட்டை அது அமைதியாகக் கையாளும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் பெயருக்குப் பின்னால் ஒரு மயக்கமும் உண்டு. உள்ளே இருக்கும் திரவம் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் முதல் சில நிமிடங்களில் எண்கள் அழகாகத் தெரியும். சினிபெஞ்ச் போன்ற சோதனையை ஒரு சுற்று ஓட்டிவிட்டு முடிவுக்கு வருகிறவர்கள் இந்த ஆரம்ப நிமிடங்களைத்தான் அளக்கிறார்கள். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் ரேடியேட்டரின் உண்மையான பலம் தெரியும். 7950எக்ஸ் போன்ற ப்ராசஸரில் சூடு மூடிக்கு அடியிலேயே தேங்குவதால், அந்தப் பலத்தில் ஒரு பகுதி பயன்படாமல் கிடக்கிறது. மேலும் காற்றுக் கூலரில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதைத் தனியாக மாற்றலாம். திரவக் கூலரில் பம்ப் நின்றால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டும். குழாய்ச் சுவர் வழியாகத் திரவமும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இப்போது வோல்டேஜுக்கு வருவோம். ஒரு சில்லு வேலை செய்யும்போது எரிக்கும் மின்சாரம், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். கணக்குக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5.2 கிகாஹெர்ட்ஸில் 1.25 வோல்ட்டில் ஓடும் கோரை 5.5க்கு ஏற்ற 1.40 வோல்ட் தேவைப்படுகிறது என்றால், வேகம் கூடுவது 6 சதவீதத்துக்கும் குறைவு. சூடு கூடுவது 33 சதவீதம். 1998இல் இன்டெலின் செலரான் 300ஏவை 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியவர்களுக்கு ஐம்பது சதவீத வேகம் இலவசமாகக் கிடைத்தது. அன்றைக்குக் கூலரில் போட்ட காசு வீண்போகவில்லை. இன்றைய ப்ராசஸர்களைத் தொழிற்சாலையிலேயே எல்லைவரை ஏற்றி அனுப்புகிறார்கள், நமக்கு மிச்சம் வைப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பிடிக்க வோல்டேஜை ஏற்றுவதுதான் மிக விலையுயர்ந்த வழி. எதிர்த்திசையில் போனால் கிடைக்கும் லாபம் ஆச்சரியப்படுத்தும். பயாஸில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடை ‘105 வாட்’ என்ற பெயருள்ள நிலைக்கு வைத்தால் மின்சார உச்சவரம்பு 230இலிருந்து 142 வாட்டுக்கு இறங்குகிறது, அதாவது 38 சதவீதம் குறைகிறது. எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலைகளில் இழக்கும் வேகம் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கும் குறைவு. விளையாட்டுகளில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கடினம்.

வேகத்தைக் குறைப்பது ஓவர்க்ளாக்கிங் ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் கர்வ் ஆப்டிமைசர் வருகிறது. ஒவ்வொரு வேகத்துக்கும் தொழிற்சாலை வைத்த வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கும் வசதி இது. மைனஸில் வைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் 3 முதல் 5 மில்லிவோல்ட்வரை இறங்கும். அதே 142 வாட்டுக்குள், அதே சூட்டுக்குள், ப்ராசஸர் முன்பைவிட அதிக வேகத்தை எட்டும். அளவாகச் செய்தால் ஈகோ மோடில் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். இதுதான் இன்றைய பொருளில் ஓவர்க்ளாக்கிங் என்பேன். எடுத்த எடுப்பில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 வைத்துவிடாதீர்கள். மைனஸ் 10இல் தொடங்கிப் படிப்படியாக இறக்குங்கள். முழு வேலையில் மணிக்கணக்கில் தாங்கியது என்பதற்காக நிம்மதி அடையவும் கூடாது. இந்த முறையில் கோளாறு வருவது பெரும்பாலும் லேசான வேலையில்தான்: ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போது, பிரவுசரைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும்போது கணினி திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளர் போன்ற நிரலை ஓட்ட வேண்டும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் ஹார்டுவேர் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த வாதம் இன்டெலுக்கு அப்படியே பொருந்தாது. கோர் ஐ9-14900கே ப்ராசஸரின் அதிகாரபூர்வ உச்சவரம்பு 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பையே எடுத்துவிட்டு ஓட்டியதால் 300 வாட்டையும் தாண்டியது. அதன் சில்லு பெரியது, சூடு பரவ இடம் உண்டு, ஆகவே பெரிய ரேடியேட்டரின் பலன் அங்கே கூடுதலாகவே தெரியும். வீடியோ ரெண்டரிங்குக்காக நாள் முழுக்க 253 வாட்டில் ஓட்டுகிறவர் 360 மிமீ திரவக் கூலர் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் வோல்டேஜ் பற்றிய பாடம் இன்டெலிடமிருந்துதான் இன்னும் உரக்கக் கேட்டது. 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் பல நிலைகுலைந்து செயலிழந்தபோது, அளவுக்கு மீறிய வோல்டேஜும் சூடும் சேர்ந்து சில்லின் ஒரு பகுதியை முதுமை அடையச் செய்கின்றன என்று இன்டெல் கண்டறிந்தது. 2024 ஆகஸ்டில் பயாஸ் அப்டேட் வழியாக வந்த மைக்ரோகோட், ப்ராசஸர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. வாரண்டியும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. அந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்யாமல் கூலரை மாற்றிப் பயனில்லை.

நம் ஊர்க் கோடைக்கு இவை எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம். எந்தக் கூலரும், காற்றோ திரவமோ, அறை வெப்பநிலைக்கு மேல்தான் வேலை செய்யும். ஏசி அறையின் 26 டிகிரியில் எடுத்த சோதனை முடிவை மே மாதச் சென்னையின் 36 டிகிரி அறையில் எதிர்பார்த்தால் அந்தப் பத்து டிகிரி அப்படியே மேலே ஏறி நிற்கும். 95இல் முட்டிக்கொண்ட ப்ராசஸர் என்றால் வேகம் குறையும். கூலர் எதுவானாலும் 230 வாட் சூடு உங்கள் அறைக்குள்தான் வந்து விழும். பெரிய ரேடியேட்டர் அந்தச் சூட்டை இன்னும் திறமையாக அறைக்குள் தள்ளும், அவ்வளவே. 142 வாட்டுக்கு இறக்கினால்தான் அறைக்கு வரும் சூடே குறையும், கரண்ட் பில்லும் குறையும்.

7950எக்ஸ் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு: ஈகோ மோட் 105 வாட், கர்வ் ஆப்டிமைசரில் அளவான மைனஸ், முன்புறம் வலைமுகப்புள்ள காற்றோட்டமான கேபினெட், அதில் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. வழக்கமான 360 மிமீ திரவக் கூலரின் விலையில் பாதிகூட ஆகாது. மிஞ்சும் பணத்தில் ரேமோ எஸ்எஸ்டியோ வாங்குங்கள்.