கங்கை வகுத்துக்கொண்ட எல்லை: ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை முன்வைத்து

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பும், அதன் தொடர்ச்சியாக அவர் படைத்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலும் தமிழ்த் திறனாய்வுலகில் பலமுறை பேசப்பட்டவை. 1970இல் நூலாகி 1972ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற இந்நாவலை ஆய்ந்தோர் பெரும்பாலும் ஓர் ஒப்பீட்டிலிருந்தே தொடங்குகின்றனர். சிறுகதையில் தாய் மகளின் தலையில் நீரூற்றி அவளைத் தூயவள் ஆக்குகிறாள். நாவலில் தாயின் அலறலால் செய்தி ஊரறிய, அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். இதிலிருந்து சமூகம் பெண்ணைத் தண்டிக்கும் முறையே நாவலின் பொருள் என்ற முடிவு எட்டப்படுகிறது. (கற்பு என்ற சொல் வந்துவிட்டால் விவாதம் அதைவிட்டு எளிதில் நகர்வதில்லை.) அம்முடிவு பிழையன்று, ஆயினும் நாவலின் முன்கதைக்கே அது முழுமையாகப் பொருந்துகிறது.

நாவலின் நிகழ்காலத்தில் கங்கை படித்தவள், அலுவலகத்தில் பொறுப்பான பதவி வகிப்பவள், தன் ஊதியத்தில் தாயைக் காப்பவள். எவரும் அவளுக்கு ஆணையிடும் நிலையில் இல்லை. அந்நிலையில்தான் அவள் ஒரே ஒரு மனிதனைத் தேடிப் புறப்படுகிறாள். அத்தேடலின் தோற்றுவாய் வெங்கு மாமாவின் வாய்ச்சொல்லாகும். இனி அவள் ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாக இருக்கலாம். திறமை இருந்தால் கெடுத்தவனையே கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். அவளைப் படிக்கவைத்தவரும் அவரே. அவள்மீது இச்சை கொண்டவரும் அவரே. அவருடைய அத்துமீறலைக் கங்கை எதிர்த்து நிற்கிறாள். அவருடைய தீர்ப்பையோ அவள் எதிர்க்கவே இல்லை. கல்வி, பணம், தனித்து இயங்கும் துணிவு என அவள் ஈட்டிய உரிமைகள் அனைத்தும் அத்தீர்ப்பை நிறைவேற்றவே செலவாகின்றன. நாவலின் உண்மையான துயரம் இங்குதான் உள்ளது.

இதனைக் கொண்டு கங்கையை மரபின் அடிமை என்று எளிதாக ஒதுக்கிவிட இயலாது. பிரபுவைக் கண்டடைந்தபின் அவனுடைய வைப்பு என்ற பெயரை அவள் விரும்பி ஏற்கிறாள். உடலுறவு ஏதும் இல்லாமலே ஏற்கிறாள். அப்பெயர் பிற ஆடவரிடமிருந்து அவளுக்கு ஒரு வேலியாகிறது. காரில் உடன் செல்லவும், அச்சமின்றிப் பேசிச் சிரிக்கவும், ஓர் ஆணின் நட்பைப் பெறவும் இடம் தருகிறது. அக்காலத் திருமணம் ஒரு பெண்ணுக்கு அளித்திராத இடம் அது. மரபு இழிவாகக் கருதித் தந்த சொல்லைக் கொண்டே அவள் தனக்கொரு வீடு கட்டிக்கொள்கிறாள் எனலாம். அவ்வீட்டின் ஒரே தூண் பிரபு என்பதுதான் இடர்.

பிரபுவும் தனக்கோர் எல்லை வகுத்துக்கொண்டவனே. செல்வம் இருந்தும் தன்னை எதற்கும் உதவாதவன் என்று அவனே ஓயாது சொல்லிக்கொள்கிறான். தன்னிகழ்ச்சி போலத் தோன்றும் இது, பொறுப்பேற்பதிலிருந்து அவனை விடுவிக்கும் வசதியாகவும் அமைகிறது. கங்கைக்கு வரன் வரும்போது அவள் மறுக்கிறாள். அவனோ மணந்துகொள்ளச் சொல்கிறான். அவள் நன்மைக்காகவே விலகுவதாக அவன் நம்புகிறான். விலகல் அவனை எங்கும் கொண்டுபோய் நிறுத்தவில்லை; அவளுக்கோ நிற்க இடமே இல்லாமல் போகிறது.

இறுதிப்பகுதியில் கங்கை குடிக்கத் தொடங்குவது குறித்து ஆய்வாளர்கள் மேலோட்டமாகவே கூறிச் செல்வர். நாவலின் குறை அங்கேதான் வெளிப்படுகிறது. பிரபு நாவல் நெடுகிலும் குடிப்பவன். அது அவனது இயல்பாக, சில இடங்களில் கவர்ச்சியாகவும்கூடக் காட்டப்படுகிறது. அதே செயலைக் கங்கை செய்யும்போது அது சீரழிவின் அடையாளமாகிறது. மாமாவின் தீர்ப்பை நாவல் நெடுகிலும் கேள்விக்குள்ளாக்கிய ஆசிரியர், இறுதியில் மாமா ஒப்பக்கூடிய அளவுகோலையே எடுத்துக்கொள்கிறார். பிரபு இல்லாத கங்கைக்கு அலுவலகம் இருந்தது, ஊதியம் இருந்தது, படிப்பு இருந்தது. அவற்றைக் கொண்டு அவள் என்ன செய்திருப்பாள் என்பதை இந்நாவல் எண்ணிப் பார்க்கவில்லை.