மைக் வயர் போகும் வழி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் தேர்ந்த கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட் பொருத்துவதை நின்று பார்க்க எனக்குப் பிடிக்கும். அவர் காரின் வயரை வெட்டுவதில்லை. தரம் அங்கேயே தெரிந்துவிடும். ஆடியோ செட்டை வெளியே இழுத்து, அதன் கப்ளருக்கும் காரின் கப்ளருக்கும் நடுவே கிட்டின் கப்ளரைச் செருகுகிறார். அழைப்பு வந்ததும் பாட்டு அடங்கி, கார் ஸ்பீக்கரிலேயே குரல் கேட்பது இந்த இணைப்பால்தான்.

12 வோல்ட் எந்த வயரில் எப்போதும் இருக்கிறது, எதில் சாவி திருப்பினால் மட்டும் வருகிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறார். இது மாறிப்போனால் நிறுத்திய வண்டியின் பேட்டரி மெல்ல இறங்கிவிடும்.

ஆனால் கைத்திறன் முழுதாக வெளிப்படுவது மைக்கில். ஏசி காற்று நேராக அடிக்காத, ஓட்டுபவரின் வாயை நோக்கிய இடம் வேண்டும்; பெரும்பாலும் உள்கண்ணாடிக்கு அருகே. அங்கிருந்து வயர் கூரைத் துணியின் விளிம்புக்குள் நுழைந்து, பக்கத்துத் தூண் வழியாக டேஷ்போர்டுக்கு இறங்குகிறது. அந்தத் தூணில் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்னால்தான் போகவேண்டும். முன்னால் போனால், பை விரியும்போது குறுக்கே நிற்கும். வெளியே தெரியாத இந்த ஒரு முழ வழியில்தான் அவருடைய பொறுப்புணர்ச்சி முழுவதும் இருக்கிறது. நான் மதிப்பது அதைத்தான்.

கிட் பொருத்தியதும் ஒரு சோதனை அழைப்போடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். "மைக் வயரை எந்தப் பக்கமா இறக்கினீங்க அண்ணே?" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி மகிழ்ச்சியாகக் காட்டுவார்.