தாழியா, அஸ்திக் கலசமா?

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் ஏறினால், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆதிச்சநல்லூர் வரும். தாமிரபரணியின் தென்கரை. அங்கே பரம்பு என்று சொல்லும் அந்த மேட்டைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோதுதான், நம்மூர் மண்ணைப் படிக்கத் தமிழ் மட்டும் போதாது என்பது உறைத்தது.

1876இல் இங்கே தோண்டிய ஜாகோர் ஜெர்மானியர். எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போயின. 1904 வாக்கில் வந்த லூயி லாப்பிக் பிரெஞ்சுக்காரர். அவர் எடுத்தவை பாரிசுக்கு. அதிகமாகத் தோண்டிய அலெக்சாண்டர் ரீயின் பொருட்பட்டியல் 1915இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

சாஃப்ட்வேர்காரனுக்கு என்ன கவலை, மெஷின் டிரான்ஸ்லேஷன் இருக்கே என்று, ரீயின் பட்டியலில் சில பத்திகளைப் போட்டுப் பார்த்தேன். 'அர்ன்' என்று இருந்த ஓரிடத்தில் 'அஸ்திக் கலசம்' என்று வந்தது. வாக்கியத்தில் பிழையே இல்லை. ஆனால் விஷயம் தப்பு. அஸ்திக் கலசம் என்றாலே உடலை எரித்தாச்சு என்றுதானே அர்த்தம்? ஆதிச்சநல்லூர் தாழிகளில் எரிக்காத எலும்புகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் முழு எலும்புக்கூடே இருந்தது. புதைத்தவர்களை எரித்தவர்களாக ஒரே சொல் மாற்றிவிட்டது!

மெஷினை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. 'அர்ன்' என்றால் இன்றைய ஆங்கில வாசகருக்குச் சாம்பல் கலயம்தான் முதலில் ஞாபகம் வரும். ஜெர்மன் 'ஊர்னெ'யும் அப்படித்தான். ஐரோப்பாவில் ஒரு வெண்கலக்காலப் பண்பாட்டுக்கே 'ஊர்னென்ஃபெல்டர்' என்று பெயர். எரித்த எச்சங்களைக் கலயத்தில் வைத்துப் புதைத்தவர்கள் அவர்கள். நம்ம தாழியில் அந்த நெருப்பு கிடையாது. சங்கப் பாடல்களிலேயே ஈமத்தாழி வருகிறது.

என் விமர்சனம் இதுதான். ஆய்வுக்குப் பல மொழி வேண்டும் என்கிறவர்கள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று அடுக்குகிறார்கள். தமிழுக்கு அந்த வரிசையில் தகவல் தரும் மொழி என்ற இடம்தான். கலைச்சொல் தரும் மொழியாக அதை வைப்பதில்லை. 'தாழி' என்றே ஆங்கிலத்திலும் எழுதி, ஒரு வரி விளக்கம் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

நாமும் யோக்கியம் இல்லை. ஜாகோர் பெயரைப் பதிவுக்குப் பதிவு எழுதுகிறோம். ஜெர்மன் மூலத்தை எத்தனை பேர் புரட்டிப் பார்த்தோம்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஜெர்மன் எழுத்துகளில் இருந்து ஆரம்பித்திருக்கிறேன். மெஷின் தருவதை வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் இனி இங்கே பதிவேன். மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.