வேத தியானமும் வெருகற் கரையும்

வேத வாசகங்களைத் திருச்சபை ஆண்டின் காலங்களுக்கு இசையப் பகுத்துத் தியானிக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. 1586 இல் முத்துக்குளித்துறையில் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் அச்சேற்றிய ‘அடியார் வரலாறு’ திருநாள்களையும் புனிதர் சரிதங்களையும் தமிழில் தந்தது. அன்று தொட்டு இன்றுவரை திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்காக் காலம் என ஆண்டைப் பகுத்துக்கொண்டு எழுதப்பட்ட தியானங்கள் பல. இவற்றைப் பக்தர்களின் தனியுடைமை எனக் கருதி நமது விமர்சகர் ஒதுக்கியே வந்துள்ளனர். இது தவறு. மக்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடிக் கேட்டு அழுகின்ற நூலை இலக்கியக் கணக்கிற் சேர்க்காத விமர்சனம், மக்கள் இலக்கியம் பற்றிப் பேசும் தகுதியையே இழந்துவிடும்.

ஈழத்தில் இத்துறையின் தலைசிறந்த ஆக்கம் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ என்பது நம் கருத்து. கோவாவிற் பிறந்த அவர் 1705 இல் இலங்கைக்கு வந்து, 1742 இல் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. குருமார் மறைந்து திரிய வேண்டியிருந்தது. அத்தகைய நெருக்கடியிற் பிறந்த இந்நூல், கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிக்கின்றது. தவக்காலத்தில் இதனை ஒப்பாரிச் சாயல் கொண்ட இராகத்தில் வாசிப்பர். கேட்போர் கண்ணீர் விடுவர்.

இதன் வெற்றிக்குக் காரணம் யாது? இறையியல் நுட்பமன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஓலம் தமிழ்க் கிராமத்தில் எவ்வாறு ஒலிக்குமோ, அவ்வோசையை அது ஏற்றுக்கொண்டது. எழுத்தறியாதவரும் காதாற் கேட்டு அநுபவிக்க அது இடம் தந்தது. பூசை இலத்தீனில் நிகழ்ந்துகொண்டிருக்க, துக்கமோ தமிழில் நிகழ்ந்தது. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மக்கள் தமது மொழியிலே தவக்காலத்தை அநுட்டித்துவிட்டனர்.

ஆயினும் பாடுகளைத் தியானிக்கும் அப்பழைய மரபின் குறையொன்றையும் நாம் மறைப்பதற்கில்லை. கேட்போனின் பாவமே அத்துன்பத்துக்குக் காரணம் என்று அம்மரபு மீண்டும் மீண்டும் உணர்த்தும். கொல்லப்பட்டவனின் தாயிடம் போய், ‘உன் பாவத்தை எண்ணி அழு’ என்று கூறுவது நியாயமாகுமா? துன்பத்தின் சமுதாயக் காரணத்தை விட்டுவிட்டுத் தனிமனிதக் குற்றவுணர்வை மாத்திரம் வளர்க்கும் தியானம், கொன்றவனைத் தப்பவிடுகின்றது.

இன்றைய தியான எழுத்துக்களை நோக்கும்போது வேறொரு குறையும் தென்படுகின்றது. அவை எந்த மண்ணில் நின்று எழுதப்பட்டன என்பதே பெரும்பாலும் புலப்படுவதில்லை. திருவருகைக் காலம் என்றால் குளிர்கால நீளிரவு, பாஸ்கா என்றால் வசந்தம் என்ற ஐரோப்பியப் பருவங்கள் இன்னும் நமது பக்கங்களில் உலாவுகின்றன. கொட்டியாரக்குடாவுக்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் உள்ள ஈச்சிலம்பற்றை எண்ணிப் பார்ப்போம். அங்கே மார்கழி என்பது வடகீழ்ப் பருவமழையின் காலம். மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பெருகி வழி மறிக்கும் காலம். தவக்காலமோ பெரும்போக அறுவடையை ஒட்டி வருவது. களம் நிறைந்திருக்கும் வேளையிலே நோன்பு வருகின்றது என்பது எத்துணை ஆழமான தியானப் பொருள்! அதனை எழுதுவார் எங்கே?

ஈச்சிலம்பற்று மக்கள் பெரும்பாலும் சைவர். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலே அவர்தம் ஆண்டின் நடுநாயகம். கிறிஸ்தவத் தியானத்தைப் பேசுமிடத்து அவ்வூரை ஏன் இழுக்கின்றீர் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. திருச்சபை ஆண்டின் நாள்களே அக்கரையில் இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கின்றன. 2004 ஏப்ரலில், பெரிய வெள்ளியை ஒட்டி, வெருகல் ஆற்றங்கரையில் தமிழ் இளைஞரைத் தமிழ் இளைஞரே கொன்றனர். அவ்வாண்டு டிசெம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பின் மறுநாள், கடல் பொங்கி இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர், அக்கரையும் தப்பவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். ஆறுதலை ஏற்காத இராகேலின் அழுகையை நினைவுகூரும் நாள். 2006 யூலையில் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினர். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட வாசகத்தைத் தவக்காலத்தில் விளக்குவோர், தண்ணீருக்காக மூண்ட இப்போரை எவ்வாறு மறக்க இயலும்?

இத்தகைய மண்ணில் தியானம் எழுதுவோர் பலரும் ஒரு நாளைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர். அது பெரிய சனி. வெள்ளியன்று சிலுவை, ஞாயிறன்று உயிர்ப்பு. இடையில் உள்ள நாள் விழாவின் ஆயத்தத்திற் கழிந்துவிடுகின்றது. ஆனால் கிழக்கிலங்கையிற் காணாமற்போனோரின் தாய்மார் வாழ்வது அச்சனிக்கிழமையிலேதான். சீடருக்கு ஒரு கல்லறையேனும் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. உயிர்ப்பு ஞாயிறு தானும் பாதுகாப்பான நாளன்று என்பதை 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் காட்டிவிட்டன. இவற்றின் பின்னரும் மூன்றாம் நாளின் ஆறுதலை அவசரமாக விநியோகிக்கும் எழுத்து, துக்கத்தை மதிக்கவில்லை. அதன் வாயை அடைக்கின்றது.

சமயம் என்றாலே முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்கும் ஒன்று கூறுவோம். செத்தவரை நினைத்து வெளிப்படையாக அழவும் அஞ்ச வேண்டியிருந்த நாட்டிலே, ஆண்டுதோறும் திரும்பிவரும் ஒரு துக்க நாள் சிறிய காரியமன்று. ஒல்லாந்தர் காலத்தில் ஒருவர் அதனை உணர்ந்து, மக்களின் ஒப்பாரியிலே தமது நூலைக் கட்டினார். அவ்வோசையை நாம் மீட்டெடுக்க வேண்டும். குற்றத்தைப் பாதிக்கப்பட்டோர் தலையிலே சுமத்தும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். வெருகலின் வெள்ளத்தையும் வற்றலையும் அறிந்த, பெரிய சனியில் நின்று பேசத் துணிந்த ஒரு தியான நூல் தமிழில் எழுதப்படுமாயின், அதனைக் கிறிஸ்தவர் மட்டுமன்றி அக்கரையின் சைவத் தாயும் தன்னுடையதெனக் கொள்வாள். அந்நூலையே நாம் எதிர்பார்த்திருக்கின்றோம்.