இசைமுரசின் கச்சேரி நாடாக்கள்: ஒரு மதிப்பீடு

நாகூர் இ.எம். ஹனீபா அவர்கள் 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் பிறந்து, 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-இல் இறைவனடி சேர்ந்தார்கள். 'இசைமுரசு' என்று தமிழுலகம் அவர்களை அழைத்தது மிகப் பொருத்தமே. அவர்களுடைய பாட்டு இன்று இருவகையில் நம்மிடம் உள்ளது. ஒன்று, கம்பெனிகள் தம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து வெளியிட்ட இசைத்தட்டுகளும் கேசட்டுகளும். மற்றொன்று, திருமண வீடுகளிலும் மீலாது மேடைகளிலும் கந்தூரி விழாக்களிலும் அவர்கள் பாடியபோது, கூட்டத்திலிருந்த ஆர்வலர் ஒருவர் தம் டேப் ரிக்கார்டரில் பதிந்துகொண்ட நாடாக்கள். முன்னதைப் பாராட்டி எழுதியோர் பலர். பின்னதை ஆராய்ந்து எழுதுவார் அரியர். ஆதலின் அதனையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். அது தனியே பேசத்தக்க பொருள்.

நமது புதுவை நகரில் இத்தகைய நாடாக்கள் வீடுதோறும் கிடப்பதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சித் தொடர்பால் சைகோனுக்கும் பிரான்சுக்கும் போய்வந்த குடும்பங்கள் இங்கு மிகுதி. பின்னர் சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் நம்மவரை அழைத்தன. பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கேசட்டை உலகுக்கு அறிமுகம் செய்த பிறகு, ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் துணிமணிகளோடு ஒரு டேப் ரிக்கார்டரும் வருவது வழக்கமாயிற்று. முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும், சற்று அப்பால் கோட்டக்குப்பத்திலும் சுல்தான்பேட்டையிலும், பீரோவின் அடித்தட்டில் அந்நாடாக்கள் இன்னும் இருக்கக்கூடும். கடற்காற்றின் ஈரம் அவற்றை நாள்தோறும் தின்றுகொண்டிருக்கிறது.

இவற்றைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் நம் காதில் விழுகின்றன. "ஒரே இரைச்சல், பாட்டே விளங்கவில்லை, தூக்கி எறியுங்கள்" என்பது ஒன்று. "கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்துவிட்டோம், இனிப் பளிங்கு போல் கேட்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறென்பது நம் கருத்து. முதல் தீர்ப்பு சாட்சியை அடித்துத் துரத்துகிறது. இரண்டாவது, சாட்சியின் வாயில் தன் சொல்லைத் திணிக்கிறது.

ஒரு செய்தியைக் கொண்டுவருபவரை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை நம் ஹதீஸ்கலை இமாம்கள் உலகுக்கே கற்றுக்கொடுத்தார்கள். ராவியிடம் இரண்டைப் பார்த்தார்கள்: ஒன்று நேர்மையாகிய அதாலத், மற்றொன்று, கேட்டதைக் கேட்டவாறே காத்துத் தரும் ளப்து. பாட்டை ஹதீஸோடு நாம் ஒப்பிடுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். அளவுகோலை மட்டுமே பணிவோடு கடன் வாங்குகிறோம். டேப் ரிக்கார்டருக்குத் தன் விருப்பம் என்று ஒன்றில்லை; ஆகவே பொய் சொல்ல வேண்டுமென்ற எண்ணமும் அதற்கில்லை. ஆனால் அதன் ளப்தில் குறைகள் உண்டு. அவை எங்கே என்று தெரிந்தால்தான் எதை ஏற்கலாம், எதில் நிதானிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதற்குறை, கேட்பவர் குறையென்றே உணராத ஒன்று. வீடுகளில் இருந்த சிறு ரிக்கார்டர்களில், ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் அமைப்பு ஒன்று உண்டு. பாடகர் மெல்லப் பாடினால் அது உணர்வைக் கூட்டும். முழங்கினால் உடனே அடக்கும். ஹனீபா அவர்களின் கலையோ தணிந்து தொடங்கி, அடிக்கு அடி ஏறி, உச்சத்தில் பந்தலையே அதிரச் செய்வது. நாடாவில் அந்த ஏற்றம் சமதரையாகிவிடுகிறது. அடிகளுக்கு இடையே அவர்கள் மூச்செடுக்கும்போது இருமலும் குழந்தையின் அழுகையும் திடீரென்று பெரிதாகக் கேட்பதும் இதனாலேயே. ஆகவே நாடாவைக் கேட்டுவிட்டு, "தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கத்தல்" என்று சொல்கிற இளைஞர், பாடகரைப் பற்றிப் பேசவில்லை. இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறார்.

இரண்டாவது, இயந்திரத்தை வைத்த இடம். அக்காலக் கச்சேரிகளில் மைக் செட்காரர் கட்டியவை குழாய் ஒலிபெருக்கிகள். அவை மனிதக் குரலின் நடுப்பகுதியை வெகுதூரம் எறிய வல்லவை. தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடுபவை. அந்தக் குழாயின் கீழ் ரிக்கார்டரை வைத்தால் தபேலாவின் இடக்கை ஓசை மறைந்து, குரல் தகரத்தில் அறைந்தது போல் வரும். வீதி நெடுகக் குழாய் கட்டியிருந்தால் இன்னொரு தொல்லை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 34 மீட்டர் தள்ளியுள்ள குழாயின் ஒலி வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்து, சொல்லின் மேல் அதே சொல் ஏறும். நாம் கேட்ட நாடாக்களுள் தெளிவானவை, மேடையோரத்தில் பாடகருக்கும் ஆர்மோனியத்துக்கும் அருகே வைத்துப் பதிந்தவையே. அவற்றில் துருத்தியின் மூச்சுக்கூடக் கேட்கிறது. அதைக் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம்.

மூன்றாவது, வேகம். கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டியது. பாட்டரி தளர்ந்து, பதியும்போது நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாக ஓடியிருந்தால், பிறகு சரியான வேகத்தில் போடும்போது சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பாட்டும் விரைந்து நடக்கும். இசைமுரசு எத்தனை கட்டையில் பாடினார்கள் என்பது ரசிகர்கள் விடாமல் வாதிடும் பொருள். நாடா ஒன்றை மட்டும் ஆதாரமாக வைத்து அதில் முடிவு கூறலாகாது. அதே சமயம், நாடாவிலேயே அதற்கு மாற்று மருந்தும் உண்டு. ஆம்ப்ளிஃபையரிலிருந்து கம்பி இழுத்துப் பதிந்த நாடாக்களில் மின்சாரத்தின் ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. அந்த ரீங்காரம் 53-இல் ஒலித்தால், நாடா விரைந்தோடுகிறது என்று அறியலாம். அக்காலத்தில் மின்னோட்டமே சற்று ஏறி இறங்கியதுண்டு. ஆதலின் ஆர்மோனியத்தின் சுருதியையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் பழிக்கிற இரைச்சலே இங்கே நேர்மையான சாட்சியாக வந்து நிற்பதைக் காண்க.

நான்காவது, படிக்குப் படி எடுத்தல். ஒரு கேசட்டிலிருந்து மறு கேசட், அதிலிருந்து இன்னொன்று என்று செல்லச் செல்ல, நாடாவின் சீறல் ஏறும். கூர்மையான ஒலிகள் மழுங்கும். தஜ்வீது கற்றோர் ஸாத், ஸீன், ஜா ஆகிய மூன்றையும் ஸஃபீர் எனும் சீழ்க்கையோசை எழுத்துகள் என்று அறிவார்கள். படியெடுத்தலில் முதலில் மடிபவை இவையே. ஹனீபா அவர்கள் தமிழடிகளுக்கு நடுவே வரும் அரபுச் சொற்களை அழுத்தந்திருத்தமாக உச்சரிப்பவர்கள். மூன்றாம் படியில் அவ்வுச்சரிப்பு கரைந்துபோனதைக் கேட்டு, உச்சரிப்பே சரியில்லை என்று குறைகூறுவது அநீதி. இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. பல வேளைகளில் எழுத்து மழுங்குவது நாடாவில் அன்று. போடும் இயந்திரத்தின் தலை சற்றுச் சாய்ந்திருப்பதால். அத்தலையின் ஓரத்திலுள்ள சிறு திருகாணியைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் நாடாவுக்கேற்பத் திருப்பினால், இறந்துவிட்டதாக நினைத்த ஸீன் உயிர்பெற்று எழுவதைக் கேட்கலாம்.

இந்நான்கும் இயந்திரத்தின் குறைகள். ஐந்தாவதோ பதிந்தவரின் குறை. நம் மதிப்பீட்டில் அதுவே எல்லாவற்றிலும் பெரிது. நாடாவை மிச்சம்பிடிக்க எண்ணிப் பாட்டு முடிந்தவுடன் நிறுத்திவிடுவதைச் சொல்கிறோம். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரைமணிதான் உண்டு, காசும் அருமை. இருப்பினும், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பாடகர் சொன்ன வார்த்தை, கூட்டம் கேட்ட விருப்பப் பாட்டு, மணவீட்டாரை வாழ்த்திய வாழ்த்து, அனைத்தும் அந்தப் பொத்தானின் கீழ் மடிந்தன. அமெரிக்காவில் டீன் பெனடெட்டி என்பவர் 1947, 48-ஆம் ஆண்டுகளில் சார்லி பார்க்கர் என்ற சாக்சஃபோன் மேதையைப் பின்தொடர்ந்து சென்று பதிந்தார். பார்க்கர் தனித்து வாசித்த பகுதிகளைப் பெரும்பாலும் பதிந்து, மற்றவர் வாசிக்கையில் கருவியை நிறுத்தினார். அவருடைய உழைப்புக்கு உலகம் நன்றி சொல்கிறது. கூடவே, விடுபட்டதை எண்ணிப் பெருமூச்சும் விடுகிறது. சத்தத்தை நீக்கிக் கேட்கக் காதால் முடியும். பதியாததைக் கேட்க எவரால் முடியும்?

இத்தனை குறையுள்ள நாடாக்களால் பயன் என்ன என்று வாசகர் கேட்கலாம். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்குள் பாட்டைத் தொடங்கி முடித்தாக வேண்டும். 1961-இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் ஹனீபா அவர்கள் பாடியதைக் கேட்பவரும், திரைக்காக அளந்து விடப்பட்ட குரலையே கேட்கிறார். கச்சேரியில் அந்த அளவு இல்லை. கூட்டம் உருகிய அடியை மீண்டும் பாடலாம், புதிதாகத் திருப்பலாம், நிறுத்திவிட்டு ஒரு சொல் சொல்லித் தொடரலாம். அரபுலகில் உம்மு குல்தூம், மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் வானொலிக்காகப் பாடியபோது, ஒரே பாட்டு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீண்டது. அவருடைய பெருமையை அறிய விரும்புவோர் இன்றும் அக்கச்சேரிப் பதிவுகளையே நாடுகின்றனர். அங்கே பதிந்து காக்க ஒரு வானொலி நிலையம் இருந்தது. நம் இசைமுரசின் திருமண வீட்டுக் கச்சேரிக்கு இருந்ததெல்லாம் மணமகனின் மாமாவுடைய டேப் ரிக்கார்டர்தான்.

மோசமான பதிவும் ஒரே சாட்சியானால் அதன் மதிப்பு எத்தகையது என்பதற்கு நியூயார்க் நகரில் ஒரு சான்றுண்டு. அங்கு மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கின் நூலகர் லயனல் மேப்பிள்சன், 1901 முதல் 1903 வரை, மேடையில் பாட்டு நடக்கும்போதே மெழுகு உருளைகளில் பதிந்தார். ஒவ்வொன்றும் சில நிமிடமே. புயற்காற்றுக்கு அப்பால் யாரோ பாடுவது போல் கேட்கும். ஆயினும் ஜான் தெ ரெஸ்கே என்ற பெரும்பாடகரின் குரலைக் கேட்க இன்று அவற்றையன்றி வேறு வழியில்லை. அவ்வுருளைகளை இரைச்சல் என்று எறிந்திருந்தால் அக்குரல் வெறும் கதையாகவே நின்றிருக்கும்.

இனிச் 'சுத்தம்' செய்வோர் பக்கம் வருவோம். கம்ப்யூட்டர் சீறலை அகற்றும்போது, சீறலைப் போன்றே ஒலிக்கும் ஸஃபீர் எழுத்துகளின் முனையையும் அரித்துவிடுகிறது. கைத்தட்டல் நீர்க்குமிழி ஓசையாகிறது. பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதாகத் தோன்றுகிறது. இத்தகைய வேளையில் செய்யத்தக்கது யாது என்பதை இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) போன்ற பெரியோர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 643-இல் மறைந்த அவ்விமாம், ஏட்டில் பிழைபட்ட சொல் ஆசிரியரிடமிருந்து அவ்வாறே வந்ததாயின், அதை அழித்துத் திருத்தாமல், அதன்மேல் ஒரு குறியிட்டு, திருத்தத்தை ஓரத்தில் எழுதுவதே சிறந்ததென்று விளக்குகிறார். அக்குறியிடுதலுக்குத் தள்பீப் என்று பெயர். பின்னால் வருபவர், பிழையென்று நாம் நினைத்ததில் ஒரு நியாயத்தைக் காணக்கூடும் என்பதே அதன் கருத்து. நாடாவுக்கும் இதுவே முறை. மூலத்தை உள்ளது உள்ளவாறே, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் கம்ப்யூட்டருக்கு மாற்றி, இரைச்சலோடு பத்திரப்படுத்த வேண்டும். கேட்டு மகிழ ஒரு படியைச் சீராக்கிக்கொள்வதில் தடையில்லை. ஆனால் அது சீராக்கிய படியென்று அதன்மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும், மூலம் அழிக்கப்படலாகாது.

மற்றொன்று, ஸனது. எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வீட்டுத் திருமணம், யார் பதிந்தது, இது மூலமா படியா என்ற விவரம் இல்லாத நாடா, ராவியின் பெயர் தெரியாத செய்தியைப் போன்றது. நம்மிடமுள்ள கேசட்டுகளின் மேல் பெரும்பாலும் 'ஹனீபா' என்ற ஒரு சொல்லே காணப்படுகிறது. அந்தத் திருமணத்துக்குச் சென்றிருந்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பாட்டி ஒருவர் கேட்டவுடன், "இது எங்கள் சின்னம்மா நிக்காஹ், மழை பெய்து பந்தல் ஒழுகியது" என்று சொல்லிவிடுவார். அச்சொல்லை எந்த இயந்திரமும் தர இயலாது. அதை இன்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

நமது நகரில், 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு நிறுவனம் காத்துவரும் சைவச் சுவடிகள், 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலைகளை ஓதிய தலைமுறைகள் போன பின்னும் ஓலைகள் நின்றதற்குக் காரணம், அவற்றை எடுத்துத் துடைத்து, பெயரிட்டு வைத்தோர் இருந்ததே. கேசட்டுக்கு ஓலையின் ஆயுள் இல்லை.

எனவே வாசகக் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் இது. பீரோவைத் திறந்து அந்நாடாக்களை எடுங்கள். மேல் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள்; பிறகு எவரும் தவறிப்போய் மேலே பதிய முடியாது. பூஞ்சை படர்ந்ததை அப்படியே இயந்திரத்தில் போடாதீர்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்து, அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதுங்கள். அந்த நாடாவில் இசைமுரசின் குரலோடு, 'இன்னொரு முறை' என்று கூவிய உங்கள் பாட்டனாரின் குரலும் இருக்கலாம். சுத்தம் செய்வோர் முதலில் அகற்றுவது அதனைத்தான். வல்ல நாயன் நம் முன்னோரின் நினைவுகளை நம் கைகளில் பத்திரமாக வைப்பானாக. ஆமீன்.