தனித்திருக்க எத்தனை பேர் வேண்டும்?

மணிமேகலைக் காப்பியம் தன் நாயகியை இரண்டு இடங்களில் தனிமைக்கு எதிரே நிறுத்துகிறது. முதல் இடம் மணிபல்லவத் தீவு. புகாரின் உவவனத்திலிருந்து தெய்வம் அவளை உறக்கத்திலேயே எடுத்துச் சென்று அங்கே விட்டுவிடுகிறது. கண் விழித்தவள் தோழி சுதமதியைத் தேடுகிறாள். இறந்துபோன தகப்பன் கோவலனை நினைத்து அழுகிறாள். இரண்டாம் இடம் காஞ்சி. பிறவித் தளை அறவேண்டும் என்று அங்கே அவள் நோன்பு ஏற்பதோடு முப்பதாவது காதையும் காப்பியமும் முடிகின்றன. துறவி என்றாலே ஒற்றை ஆளாய் எண்ணிப் பழகியவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். காஞ்சியில் தாய் மாதவி இருக்கிறாள், சுதமதி இருக்கிறாள், ஆசிரியர் அறவண அடிகள் இருக்கிறார். மழை பொய்த்துப் பசியில் கிடந்த ஊருக்கு அமுதசுரபியிலிருந்து சோறு போட்ட பிறகே அவள் அறம் கேட்க உட்காருகிறாள். தனிமை அவள்மீது சுமத்தப்பட்டபோது அழுதாள். ஊரும் உறவும் சூழ இருந்தபோது அதையே நோன்பாக ஏற்றாள். தனிமை குறித்துப் பௌத்தம் சொன்னவற்றில் எது இன்று உதவும், எது போதாது என்று எடைபோட இந்த இரண்டு காட்சிகளிலிருந்தே தொடங்கலாம்.

எடைபோட வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000 இறப்புகளுக்கு அதனோடு தொடர்பு உண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025 ஜூனில் அறிவித்தது. இதற்குப் பலரும் கைகாட்டும் மருந்துகளில் ஒன்று தியானம். பௌத்தத்தின் நோயறிதல் கூர்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பௌத்த மூல நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் தேரர் என்ற பெயருடைய துறவி ஒருவர் வருகிறார். தனியாக வாழ்கிறார், தனியாகப் பிச்சைக்குப் போகிறார், தனியாகத் திரும்பி வந்து தனியாக உட்காருகிறார். அப்படி வாழ்வதைப் புகழ்ந்தும் பேசுகிறார். புத்தர் அதைக் குறை சொல்லவில்லை. கடந்ததை விட்டு, வரப்போவதைத் துறந்து, கையில் இருப்பதன் மேல் உள்ள வேட்கையையும் நீக்கி வாழ்வது அதைவிட ஆழமான தனிமை என்கிறார். மிகஜாலர் என்ற துறவிக்குச் சொன்ன விளக்கம் இன்னும் துணிவானது. வேட்கை உள்ளவன் அடர்ந்த காட்டில் இருந்தாலும் ஒரு துணையோடுதான் இருக்கிறான், அந்த வேட்கையே அவனுடைய துணை. அது நீங்கியவன் அரசரும் அமைச்சரும் துறவியரும் நெருக்கியடிக்கும் ஊர் நடுவிலும் தனித்திருக்கிறான். கூட்டத்தின் நடுவே ஒருவர் ஏன் வாடுகிறார், ஆளே இல்லாத அறையில் இன்னொருவர் எப்படி நிறைவாக இருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இந்த நோயறிதலைப் பயிற்சியாக மாற்றியதில் நம் காலத்தில் பெரும் பங்கு எஸ்.என். கோயங்காவுக்கு உண்டு. 1969இல் பர்மாவிலிருந்து இந்தியா வந்து அவர் தொடங்கிய பத்து நாள் விபசனா முகாம்கள், சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையம் வரை பரவியிருக்கின்றன. விடிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும், பேச்சு, கைபேசி, புத்தகம், எழுத்து எதுவும் கூடாது, கட்டணமும் கிடையாது. மனம் வெறுமையை அஞ்சி ஓடும் வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு, அந்த அச்சத்தையே உற்றுப் பார்க்கச் சொல்லும் ஏற்பாடு இது. யாராவது அழைக்க மாட்டார்களா என்ற தவிப்பு எழுகிறது, சற்று நேரம் நிற்கிறது, தணிகிறது என்பதை ஒருவர் தம் உடம்பிலேயே கண்டுகொள்வது எளிய பயன் அன்று. ஆனால் தனிமை எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்று மூல நூல்களே சொல்லவில்லை. உதானத்தில் வரும் மேகியர், ஆற்றங்கரை மாந்தோப்பு ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, இன்னொரு துறவி வரும்வரை பொறு என்று புத்தர் சொல்லியும் கேளாமல் போகிறார். காமமும் பகையும் கொடுமையுமான எண்ணங்கள் சூழ்ந்துகொள்ளத் திரும்பி வருகிறார். மனம் பக்குவப்பட ஐந்து வேண்டும் என்று அப்போது அவருக்குச் சொல்லப்படுகிறது. அவற்றில் முதலாவது நல்ல நண்பர். தீவிரத் தியானத்தில் ஈடுபட்ட மேலை நாட்டவர் சிலருக்கு அச்சமும் உறக்கமின்மையும் பிறரோடு பழகுவதில் தடுமாற்றமும் ஏற்பட்டதை ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு பதிவு செய்தது. மேகியர் கதையைக் கருத்தோடு படித்தவர்களுக்கு அந்த முடிவு புதிதாக இருந்திராது.

பௌத்தத்தில் தனித்திருத்தல் எப்போதும் ஒரு கூட்டத்தின் தோளில் நின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 640இல், காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங் இங்கே நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனாலும் தனியே உட்காரப் பழகுபவர்கள் இத்தனை நெருக்கமாக வாழ்ந்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. தேரவாதத் தியான முறையைத் தொகுத்துத் தந்த புத்தகோசர், காஞ்சியில் தம்முடன் தங்கியிருந்த ஜோதிபாலர் கேட்டுக்கொண்டதால் அங்குத்தர நிகாயத்துக்கு உரை எழுதியதாகக் குறிப்பிடுகிறார். துறவியரின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த துறவி ஒருவரை யாரும் கவனிக்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் தண்ணீர் ஊற்றிக் கழுவி அவரைக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு புத்தர் சங்கத்தைக் கூட்டி, உங்களுக்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை, நீங்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார் என்ற பொருளில் கேட்கிறார். வேட்கையை விடு, வலி தணியும் என்று அந்த நோயாளிக்கு அவர் போதிக்கவில்லை. கைவிடப்பட்டவனுக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் இரண்டு கைகளும் என்பதை மனத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்தவர் உணர்ந்திருந்தார்.

சுத்தநிபாதத்தின் காண்டாமிருகப் பாடல் ஒற்றைக் கொம்பைப் போலத் தனியே திரியச் சொல்கிறதே என்று இதற்கு மறுப்பு எழலாம். பாடல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அறிவும் நல்லொழுக்கமும் உள்ள தோழன் கிடைத்தால் அவனோடு மகிழ்ந்து செல் என்பதும் அதே பாடலில் உள்ளது; தனித்த பயணம் அப்படி ஒருவன் கிடைக்காதபோது எடுக்கும் வழி. காஞ்சியோடு பிற்கால மரபு இணைத்துப் பேசும் போதிதருமரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்து அமர்ந்தார் என்ற சித்திரம் பரவிய அளவுக்கு, பனியில் நின்று அவருக்குச் சீடரான ஹுய்கேயின் கதை தமிழில் பரவவில்லை. அந்தச் சீடர் இல்லாமல் சென் மரபின் வரிசையே இல்லை.

குறைகள் வேறு இடத்தில் உள்ளன. பிக்குணிகள் தனியே பயணம் செய்யவும் இரவில் தனியே தங்கவும் விநயம் தடை விதித்தது. பாதுகாப்புக் கருதி என்று காரணம் சொல்லப்படுகிறது. அக்காலச் சூழலில் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் பெண்ணின் தனித்திருத்தலுக்கு ஆணுக்குக் கிடைத்த பரப்பு கிடைக்கவில்லை. இரண்டாவது, துறவியின் தனிமைக்கு இல்லறத்தார் சோறிட்டார்கள். இல்லறத்தாரின் தனிமைக்கு விகாரை என்ன செய்தது? வணிகன் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு வரும் காஞ்சித் துறவியை பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தில் நகைப்புக்கு உள்ளாக்கினான். எதிர்த்தரப்பின் கேலிதான் அது. ஆனால் ஊர் அந்தக் கேலியை ரசிக்கும் அளவுக்கு விகாரைக்கும் தெருவுக்கும் இடைவெளி விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டாம் குறை இன்றைய காஞ்சியில் தெளிவாகத் தெரியும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளரோடு இன்னொருவரும் தறியில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். அந்த இடத்தில் முன்பு உட்கார்ந்த குழந்தைகள் பள்ளிக்குப் போனது நல்லது. வளர்ந்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனதையும் குறை சொல்ல முடியாது. தறிக்கூலி அவர்களைப் பிடித்து வைக்கும் அளவில் இல்லை. ஆனால் தறிக்குழியில் தனியாக மிஞ்சிய முதியவருக்குத் துணை இல்லை என்பது வேட்கையின் விளைவு ஆகாது. அது கூலியின் விளைவு, ஊர் மாறிய விதத்தின் விளைவு. மூச்சைக் கவனித்தால் அவருடைய இரவுகள் கொஞ்சம் இலகுவாகலாம். கரை நாடாவைப் போட ஆள் வரமாட்டார். தனிமையின் வேர் முழுவதையும் மனத்துக்குள் வைத்துப் பேசும் எந்தப் போதனையும், பௌத்தப் பெயரில் வந்தாலும், இவருக்கு அநீதி செய்கிறது.

காஞ்சியில் பௌத்தம் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. 1365இல் இயற்றப்பட்ட சாவக நூலான நகரகிருதாகமம், காஞ்சியின் விகாரையில் வாழ்ந்த புத்தாதித்தர் என்ற துறவியைக் குறிப்பிடுகிறது. ஆயினும் ஊர் மக்களின் துணைத்தேவையை நிறைவேற்றியவை கோயில்களே. கூடிப் பாடுவதும், வைகாசி கருட சேவையில் ஊரே வரதரின் பின்னால் ஓடுவதும் எளிய மனிதருக்குத் தந்த நெருக்கத்தை விகாரை தந்திருக்காது. அந்த நெருக்கத்துக்கும் எல்லை இருந்தது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சேரிகளை அது சேர்த்துக்கொள்ளவில்லை. அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது, சாதி சுமத்திய அந்தத் தனிமைக்கு எதிராகப் பௌத்தத்தைக் கையில் எடுத்தார். கூட்டம் கூடிப் பேசுவது, பள்ளி நடத்துவது, திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் தம்மவரே முன்னின்று செய்வது என்று கோலார் தங்கவயல் வரை அந்தச் சங்கங்கள் பரவின. கண்மூடித் தனியே அமர்வது அங்கே முதன்மை பெறவில்லை. விகாரைகள் நிறைந்திருந்த காலத்துக் காஞ்சியைவிட இந்தச் சங்கங்களே, சோறிட்ட பிறகு அறம் கேட்க அமர்ந்த மணிமேகலைக்கு அருகில் நிற்கின்றன என்பேன்.